லிட்டருக்கு இருபத்திரண்டு

அலுவலகத்தில் அவருக்கு முறைப்படி ஒரு பெயர் உண்டு. அது மாதம் ஒருமுறை சம்பளப் பட்டியலில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகும். மற்றபடி வாசல் காவலாளியிலிருந்து பொது மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் இருபத்திரண்டார்தான். “உங்க கார் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தருது?” என்று யாரும் கேட்காத கேள்விக்கு அவர் சளைக்காமல் சொல்லிவந்த விடை அது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் சொன்னார். இரங்கல் கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் சொன்னார். அவருக்குப் பல் பிடுங்கிய டாக்டர், வாயில் பஞ்சை அடைத்த பிறகுதான் தப்பித்தார்.

குழாய் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் அவர் நிர்வாகப் பிரிவின் மேலாளர். நாற்காலி, மேஜை, துடைப்பம், டிரைவர்கள் எல்லாம் அவர் ஆளுகைக்கு உட்பட்டவை. அந்த வரிசையில்தான் அவரும் அவற்றை வைத்திருந்தார்.

கணக்குப் போடும் விஷயத்தில் மட்டும் மனிதரைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு ஞாயிறும் காலை ஆறரை மணிக்கு, வெயில் ஏறி பெட்ரோல் உப்புவதற்கு முன்னால், ஒரே பங்க், ஒரே மூன்றாம் நம்பர் குழாய். காரின் முன்சக்கரம் தரையில் உள்ள அதே விரிசல் மேல் நிற்கவேண்டும். டேங்க் நிறைந்து குழாய் ‘டக்’ என்று நின்றதும் அதோடு சரி, அதற்குமேல் ஒரு சொட்டு கூடாது. போன ஞாயிறிலிருந்து ஓடிய கிலோமீட்டரை, இப்போது இறங்கிய லிட்டரால் வகுப்பார். விடையை ஒரு நோட்டில் எழுதுவார். நோட்டின் அட்டையில் ‘எரிபொருள் ஒழுக்கம்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். உலகத்தில் யார் கணக்குப் போட்டாலும் இப்படித்தான் போட்டாக வேண்டும். நடுவில் டேங்குக்குள் போன பெட்ரோல் எல்லாம் கணக்கில் வந்துவிட்டால் விடை பொய் சொல்லாது.

அந்த ஞாயிறும் பங்கிலிருந்து நேராகச் சாப்பாட்டு மேஜைக்கு வந்தார். மேஜையில் அவருடைய மச்சினன் உட்கார்ந்து ரொட்டியை மென்றுகொண்டிருந்தான். அக்கா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடுவதற்கு அவன் கொடுக்கும் விலை, மைலேஜை விசாரிப்பது.

“இந்த வாரம் எவ்வளவு மாமா?”

“முந்நூத்தி எட்டு கிலோமீட்டர். பதினாலு லிட்டர். நீயே வகுத்துப் பாரு.”

“டீகூட இன்னும் வரலை. அதுக்குள்ள வகுக்கச் சொன்னா எப்படி?”

“இருபத்திரண்டு! ஒரு பிசிறு கிடையாது. இது காரோட குணம் இல்ல மச்சான், கால் பெருவிரலோட குணம். மிதிக்கிறவன் மனசுல ஒழுக்கம் இருந்தா, டேங்க்ல பெட்ரோல் இருக்கும்.”

மனைவி டீயோடு வந்தாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்துப் பிரிவில் வேலை பார்ப்பவள். மாத்திரையை எண்ணிக் கொடுத்துப் பழகியவள் என்பதால் வார்த்தையையும் எண்ணித்தான் கொடுப்பாள்.

“இன்னொரு சேதியும் இருக்கு,” என்றார் இருபத்திரண்டார். “திருடனைப் பிடிச்சிட்டேன்.”

“எந்தத் திருடனை?” என்றாள், கோப்பையில் டீயை ஊற்றியபடி.

“என் டிரைவரை. கம்பெனிக் காரும் நம்ம காரும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே மாசத்துல வாங்கினது. நம்மது இருபத்திரண்டு. அவன் ஓட்டுறது மூணு வருஷமா பதினாலு. கேட்டா, ‘இந்த வண்டிக்கு அவ்வளவுதான் சார்’ங்கறான். அண்ணன் தம்பி மாதிரி ரெண்டு காரு, ஒண்ணு மட்டும் எப்படிம்மா இந்தக் குடி குடிக்கும்?”

“அண்ணன் தம்பில ஒருத்தன் மட்டும் குடிக்கிற வீடு நிறைய இருக்கே மாமா,” என்றான் மச்சினன்.

“சிரிக்காதே. வாராவாரம் உறிஞ்சி வித்திருக்கான். வெள்ளிக்கிழமையே சஸ்பெண்ட் பண்ணிட்டேன். புதன்கிழமை விசாரணை. பெட்ரோல் திருட்டுன்னு எழுதி டிஸ்மிஸ். அப்புறம் எவன் அவன்கிட்ட சாவியைக் குடுக்கிறான்னு பார்க்கிறேன்.”

கோப்பை நிரம்பி, தட்டு நிரம்பி, டீ மேஜை விரிப்பில் இறங்கி ரொட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஊற்றிய கை ஊற்றியபடியே நின்றது.

“அக்கா! அக்கா!” என்று தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தான் தம்பி.

மில்லிலிட்டர் சிந்தாமல் மருந்து அளக்கிறவள் டீயைச் சிந்தி அவன் பார்த்ததில்லை. காரணம் இதுதான். அவர்கள் வீட்டுக் காரும் பதினாலுதான் கொடுத்துக்கொண்டிருந்தது. பாக்கி எட்டை மூன்று வருஷமாகக் கொடுத்துவந்தவள் அவள்.

கார் வாங்கிய முதல் வாரம் கணக்கு பதிமூன்றரை என்று வந்தது. இருபத்திரண்டு என்று விளம்பரத்தில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர் அவர். அன்றைக்கு ஆரம்பித்தது சனி. ஏசி தடை செய்யப்பட்டது. காற்று தடுக்கிறது என்று ஜன்னலும் மூடப்பட்டது. குடும்பம் வெந்தபடி பயணம் செய்தது. ஸ்டெப்னி டயர் கழற்றப்பட்டு வீட்டு அலமாரி மேல் குடியேறியது. மூன்றாம் வகுப்பில் படித்த மகளின் புத்தகப் பையைத் தராசில் வைத்துப் பார்த்து, வரலாற்றுப் புத்தகம் இன்று அவசியமா என்று கேட்டார். மச்சினன் வண்டியில் ஏறக் காலைத் தூக்கினால், “நீ பஸ்ல வா, மச்சான். உன் ஒரு ஆளுக்கே அரை கிலோமீட்டர் குறையுது,” என்பார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. மேம்பாலம்தான் சிரிக்கக்கூடியதாக இல்லை. மேலே ஏறியதும், இறக்கத்தில் எதற்குப் பெட்ரோல் என்று மனிதர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டார். பின்சீட்டில் மகள். பாதி இறக்கத்தில் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பிரேக் மரக்கட்டையாகிவிட்டது. கீழே கட்டடம் கட்ட யாரோ புண்ணியவான் கொட்டி வைத்திருந்த மணல் மேட்டில் கார் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. கண்ணாடி முழுக்க மணல். குழந்தை வீரிட்டது. மனைவி திரும்பிக் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். இருபத்திரண்டார் மட்டும் நிதானமாகத் திரும்பி, “பார்த்தியா, முக்கால் கிலோமீட்டர். ஒரு சொட்டு செலவில்லை!” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் ஒரு பங்குக்குப் போனாள். வெள்ளிக்கிழமைகளில் அவர் கிளை அலுவலகங்களைப் பார்க்கக் கம்பெனிக் காரில் போய்விடுவார். வீட்டுக் காரை அவள் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போவாள். எட்டு லிட்டர் போடச் சொன்னாள். ஞாயிறு கணக்கில் இருபத்திரண்டு வந்தது. மனிதர் பங்கிலேயே கண்கலங்கிவிட்டார். அன்று மாலையே ஏசி ஓடியது. எஞ்சின் இறக்கத்திலும் ஓடியது. வரலாற்றுப் புத்தகம் பைக்குத் திரும்பியது. நோய்க்கு மருந்து பிடித்துவிட்டது. பிடித்த மருந்தை நடுவில் நிறுத்துகிற வழக்கம் அவள் தொழிலில் கிடையாது.

அவள் பெட்ரோல் ஊற்றிய அதே வெள்ளிக்கிழமைகளில், அவர் கம்பெனிக் காரின் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு, டிரைவருக்கு ஒழுக்கம் போதித்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது. நூற்றைம்பது வாரம் அந்த டிரைவர் அதைக் கேட்டிருக்கிறான். அதற்கே ஒரு பதக்கம் கொடுத்திருக்கலாம்.

“அந்த டிரைவர் பதினேழு வருஷமா இருக்காரே,” என்றாள், விரிப்பைத் துடைத்துக்கொண்டே.

“திருடன்லயும் சீனியர் ஜூனியர் உண்டு.”

“வெறும் கணக்கை வெச்சு ஒருத்தர் பிழைப்பில கை வைக்கலாமா? ரெண்டு காரையும் எல்லார் முன்னாடியும் ஓட்டிப் பாருங்களேன். ஒரே ரோடு, ஒரே பங்க். அப்புறம் யாரும் பேச முடியாது இல்ல?”

ஒரே நாள் ஓட்டத்தில் நடுவே ஊற்ற வெள்ளிக்கிழமை கிடையாது. எண் தானே வாயைத் திறந்துவிடும், டிரைவர் தப்பிவிடுவார், தான் எதுவும் சொல்லவேண்டியிருக்காது என்று அவள் போட்ட கணக்கு நல்ல கணக்குத்தான். கணக்கில் கணவரைச் சேர்க்க மறந்துவிட்டாள்.

இருபத்திரண்டாருக்கு யோசனை அமிர்தமாக இருந்தது. எல்லார் முன்னாடியும் என்ற சொல் அவரை எப்போதும் மயக்கிவிடும்.

புதன்கிழமை காலை பொது மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருபத்திரண்டாரின் காரில் ஏறினார். ‘குடும்பத்தின் சார்பில் பார்வையாளர்’ என்று பின்சீட்டில் மச்சினன் உட்கார வைக்கப்பட்டான். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவன் எடை மன்னிக்கப்பட்ட நாள் அது. பின்னால் கம்பெனிக் காரை டிரைவர் ஓட்டிவந்தான். இரண்டும் டேங்க் நிறைய நிரப்பிக்கொண்டு, நகரத்தைச் சுற்றித் தொண்ணூற்றெட்டு கிலோமீட்டர் ஓடி, பதினோரு மணிக்கு அதே பங்குக்குத் திரும்பின.

“நாலரை லிட்டர்கூடப் போகாது சார்,” என்று பொது மேலாளரிடம் அறிவித்துவிட்டு, இருபத்திரண்டார் குழாயருகே கைகட்டி நின்றார்.

எண்கள் ஓடின. மூன்று. நாலு. நாலரை.

‘டக்’ வரவில்லை.

ஐந்து. இருபத்திரண்டாரின் கைகள் அவிழ்ந்தன. ஐந்தரை. “யோவ், நிறுத்துய்யா! குழாய் கெட்டுப்போச்சு!”

“குழாய் நல்லாத்தான் இருக்கு சார். டேங்க் இன்னும் கேக்குது,” என்றான் பங்க் ஆள்.

ஆறு. அவர் குனிந்து காரின் அடியில் பார்த்தார். தரை காய்ந்துதான் இருந்தது. ஆறரை. அவர் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே வடிந்தது என்றும் யாராவது குனிந்து பார்த்திருக்கலாம். ஏழில் ‘டக்’ என்றது. சுடும் துப்பாக்கிச் சத்தம் கேட்டவர் போல அவர் ஓரடி பின்வாங்கினார்.

“தொண்ணூத்தி எட்டை ஏழால வகுத்தா...” என்று ஆரம்பித்த மச்சினன், மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, வகுக்காமல் நிறுத்திக்கொண்டான்.

“பதினாலு,” என்றார் பொது மேலாளர். “அந்த வண்டியைப் போடுங்க.”

கம்பெனிக் கார் ஆறு புள்ளி எட்டில் நின்றது. திருடன் ஒழுக்கசீலரைவிடக் கொஞ்சம் சிக்கனமாக ஓட்டியிருந்தான்.

இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் டிரைவரின் தோளில் கைவைத்து, “தப்பாச்சு தம்பி,” என்றிருப்பார். இருபத்திரண்டார் இரண்டு நிமிஷம் பங்கின் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக டிரைவர் பக்கம் திரும்பினார்.

“திங்கட்கிழமை சாவி குடுக்க வந்தப்ப, என் கார் பக்கத்துல பத்து நிமிஷம் நின்னே. வாட்ச்மேன் பார்த்திருக்கான்.”

“நிழல் இருந்துச்சு சார். வீட்டுக்குப் போன் பண்ணிட்டிருந்தேன்.”

“போன் பண்ணினியா, எஞ்சின்ல கை வெச்சியா? மூணு வருஷம் இருபத்திரண்டு குடுத்த கார், நீ பக்கத்துல நின்ன ரெண்டாம் நாள் பதினாலு குடுக்குது! சார், இது இனிமே விசாரணை இல்ல. இது போலீஸ் கேஸ்.”

திருடன் என்றதற்கு டிரைவர் ஐந்து நாளாக ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தான். அது இந்தப் புதுக் குற்றத்துக்குப் பொருந்தவில்லை.

மச்சினன் காற்றடிக்கும் மெஷினுக்குப் பின்னால் ஒதுங்கி அக்காவுக்குப் போன் போட்டான்.

“அக்கா, மோசம் போச்சு. பதினாலுதான் வந்துச்சு.”

“அப்பாடா. டிரைவரை விட்டுட்டாரா?”

“எங்கே விட்டாரு? முதல்ல பங்க் மோசம்னாரு, அப்புறம் டேங்க் ஓட்டைன்னாரு, இப்ப டிரைவர்தான் நம்ம காரைக் கெடுத்துட்டான்னு போலீசுக்குப் போறேங்கறாரு. அந்த ஆளு சிலையாட்டம் நிக்கிறான்க்கா. எல்லாரையும் ஆபீசுக்கு இழுத்துட்டுப் போறாரு.”

மறுமுனையில் மாத்திரைகள் தரையில் சிதறும் சத்தம் கேட்டது.

அரை மணி நேரத்தில் அவள் பொது மேலாளரின் அறைக்குள் நுழைந்தாள். வேலை நேரத்து வெள்ளைக் கோட்டைக் கழற்ற மறந்திருந்தாள். கதவோரம் டிரைவர் நின்றான். கணவர் ‘இயந்திரச் சேதம்’ என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். அவள் ஒரு அட்டைப் பெட்டியை மேஜையில் வைத்தாள்.

பொது மேலாளர் பெட்டியைத் திருப்பிப் படித்தார். “தலைவலி மாத்திரையா? எனக்குத் தலைவலின்னு யாரும்மா சொன்னாங்க?”

“உள்ளே பெட்ரோல் சார்.”

பொது மேலாளர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

“பெட்ரோல் பில்லு சார். நூத்தி நாற்பத்தொன்பது. அச்சு அழிஞ்சு போயிடும்னு பின்பக்கம் பேனாவுல எழுதியிருக்கேன். தேதி, மீட்டர், எத்தனை லிட்டர், எல்லாம். இவர் கார் ஒருநாளும் இருபத்திரண்டு குடுத்ததில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் ஊத்தினேன்.”

கணவரின் பேனா ‘சேத’ என்ற இடத்தில் நின்றுவிட்டது.

“என்ன ஊத்தினே?”

“பெட்ரோல்.”

“எவ்வளவு?”

“எட்டு லிட்டர். சில வாரம் ஏழரை. நீங்க காய்ச்சல்ல படுத்திருந்த வாரம் மூணு.”

“மூணு வருஷமாவா?”

“மேம்பாலத்துக்கு அடுத்த வாரத்துல இருந்து.”

அவர் பெட்டியை இழுத்து ஒரு பில்லை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். வழவழ காகிதத்தின் முன்பக்கம் வெளிறிக் கிடந்தது. பின்பக்கம் அவளுடைய குட்டிக் குட்டி எண்கள், மாத்திரைச் சீட்டில் எழுதுவது போல. ‘எரிபொருள் ஒழுக்கம்’ நோட்டைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். தேதியும் தேதியும் ஒத்துப்போயின. பதினாலும் எட்டும் இருபத்திரண்டு. முந்நூற்றெட்டை இருபத்திரண்டால் வகுத்தால் பதினாலு. வகுக்கத் தெரிந்த மனிதர், பாவம்.

“ஒரு வாரம் இருபத்திமூணு தாண்டிச்சே,” என்றார், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவர் குரலில்.

“அன்னிக்குப் பங்க் பையன் கவனிக்காம ஒன்பதா ஊத்திட்டான்.”

“அந்த வாரம்தானே நான் எல்லாக் கிளைக்கும் சுற்றறிக்கை அனுப்பினேன்!”

“பன்னிரண்டு பக்கம்,” என்றார் பொது மேலாளர். “நான் முழுசாப் படிச்சேன்.” அவர் குரலில்தான் அன்று முதல்முறையாக உண்மையான துயரம் தெரிந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்றார் இருபத்திரண்டார்.

“சொன்னா மறுபடி சாவியைத் திருப்புவீங்க. பின்னாடி பாப்பா உட்கார்ந்திருப்பா.” அவள் டிரைவர் பக்கம் திரும்பினாள். “என் பிள்ளையைக் காப்பாத்தறதா நினைச்சு உங்க தலையில ஊத்திட்டேன் அண்ணே. எனக்கு நிஜமாவே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தெரிஞ்சதும் வாயைத் திறந்திருக்கணும். திறக்கலை. அது என் தப்பு.”

டிரைவர் அவளைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், கடைசியாக இருபத்திரண்டாரைப் பார்த்தான். பதினேழு வருஷத்தில் கண்ணாடி வழியாக இல்லாமல் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

“பரவாயில்லை போய் வண்டியை எடுன்னு சொல்லிடாதீங்க சார்,” என்றான். “என் பொண்ணு மூணு நாளா ஸ்கூலுக்குப் போகலை. நான் திருடன்னு பஸ் ஸ்டாப் வரைக்கும் தெரியும். இந்த வண்டிக்குப் பதினாலுதான்னு உங்க கையால எழுதிக் குடுங்க. நோட்டீஸ் போர்டுல ஒட்டணும். நான் ஒண்ணு வீட்டுக்குக் கொண்டுபோகணும்.”

“நியாயம்,” என்றார் பொது மேலாளர். “எழுதுங்க. பன்னிரண்டு பக்கம் வேண்டாம்.”

இருபத்திரண்டார் பழைய தாளைக் கசக்கிவிட்டுப் புதிய தாளை எடுத்தார். ‘மேற்படி ரகக் கார், பல்வேறு சூழல்களைப் பொறுத்து’ என்று ஆரம்பித்தார். டிரைவர் தொண்டையைக் கனைத்தான். அடித்துவிட்டு, ‘இந்த வண்டி லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர்தான் ஓடும். டிரைவர் ஒரு சொட்டும் எடுக்கவில்லை. நான் போட்ட கணக்கு தவறு’ என்று எழுதினார். கையெழுத்து மட்டும் வழக்கமான அளவில் பாதிதான் வந்தது. டிரைவர் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாருக்கும் வணக்கம் சொல்லாமல் போனான்.

கணவனும் மனைவியும் காரில் திரும்பினார்கள். மச்சினன் புத்திசாலி, பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டான். மூன்று சிக்னல் தாண்டும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. அவர் வாழ்க்கையில் பேசாமல் கடந்த மிக நீண்ட தூரம் அது. நாலாவது சிக்னலில் சிவப்பு விழுந்தது. ஏதோ நினைவு வந்தது போல அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. மெதுவாகத் திரும்பினார்.

“உன் தம்பி என்கிட்ட செஸ்ல ஒரு ஆட்டம்கூட ஜெயிச்சதில்லை.”

அவள் முன்னால் நின்ற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் பாடினா, பக்கத்து வீட்ல டிவியை நிறுத்திட்டுக் கேக்கறாங்க.”

அவள் லாரியின் நம்பரைப் படித்தாள்.

“ஏய்... வேற எதுல எல்லாம் ஊத்தியிருக்கே?”

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பொய் சொல்லவா வேண்டாமா என்று யோசிக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தாள்.

“முழுப் பட்டியலும் இன்னிக்கே வேணுங்களா?”

பச்சை விழுந்தது. லாரி போய்விட்டது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள், விளக்கைப் போட்டார்கள், ஒருவன் தலையை வெளியே நீட்டி ஏசினான். கார் நின்ற இடத்திலேயே நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.